மிச்சமான போல்ட்

"நம்ம ஜீப் நாலு இன்ச் உசந்துடுச்சு! இனி எந்தப் பாறையும் அடியில தட்டாது. நாளைக்குக் காலைல மலைக்குக் கிளம்பறோம்." கையைத் துடைத்துக்கொண்டே கணவன் சொன்னான்.

"மழை விட்டபாடில்லையே. அந்த வளைவுகளை நெனச்சாலே பயமா இருக்குங்க. அடுத்த மாசம் போலாமே," என்றாள் மனைவி.

"நானே வீட்ல வச்சுப் புது ஸ்பிரிங் மாட்டியிருக்கேன். நீ என்னடான்னா..." என்றவன் சட்டென்று நிறுத்தினான். ஜாக்கிக்குப் பக்கத்தில் ஒரு போல்ட் கிடந்தது.

அதைக் குனிந்து எடுத்தான். "எல்லாத்தையும் மாட்டிட்டேனே! இது எப்படி மிஞ்சுச்சு?"

மறுபடி வண்டிக்கு அடியில் போனான். அவள் டார்ச் பிடித்தாள். ஒவ்வொரு நட்டாக ஸ்பேனர் போட்டுப் பார்த்தான். வெளியே வந்து ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"பின் அச்சைப் பிடிக்கிற நட்டு எல்லாத்தையும் கையால சுத்தினதோட விட்டுட்டேன். முறுக்கவே இல்ல. முதல் வளைவுலயே அச்சு நகர்ந்திருக்கும். பாப்பாவும் சேர்ந்து நாம மூணு பேரும்..." என்றவன் போல்ட்டைத் தூக்கிக் காட்டினான். "இந்த போல்ட் மட்டும் கண்ல படலேன்னா?"

அவள் டார்ச்சை அணைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனா ஒண்ணு புரியல. இது எங்கயுமே பொருந்தலையே. எந்த இடத்து போல்ட்டா இருக்கும்?" என்றான் அவன்.

அவள் போல்ட்டை வாங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். எப்படியாவது பயணம் நின்றால் போதுமென்று, அவன் சாப்பிட உள்ளே போயிருந்த நேரத்தில், பழைய சாமான் டப்பாவிலிருந்து அதை எடுத்துத் தரையில் போட்டதே அவள்தான்.