மூச்சுச் சாமியார்

மனைவி ஊரிலிருந்து திரும்புவதற்குள் மூச்சடக்கி, நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்தில் தரையைத் தொட்டுவிட வேண்டும் என்று ரிட்டயர்டு மேனேஜர் ஒற்றைக்காலில் நின்றார்.

“தோளைத் தளர விடுங்க சார். பதறினா மூச்சு சீக்கிரம் தீர்ந்துடும். நான் பக்கத்துலயே இருக்கேன்,” என்றார் பயிற்சியாளர்.

“உம்.”

ஒரு வாரமாக வாயைத் திறக்காமல் அதே “உம்”தான். சாப்பாடும் வெறும் பழச்சாறு.

“பேசாம மூச்சைச் சேமிக்கிறார், மூச்சுச் சாமியார்!” என்று குளமே அவரைக் கும்பிட்டது.

கடைசி நாள், மனைவி நேராகக் குளத்துக்கே வந்துவிட்டாள்.

“ஏங்க, போன்லதான் ‘உம்’னா, நேர்லயும் ‘உம்’மா?”

அவர் தோளைத் தளரவிட்டு, நிதானமாக மூச்சிழுத்து முங்கினார். திமிங்கிலமே வெட்கப்படும் அளவுக்கு உள்ளேயே இருந்தார். பயிற்சியாளர் குதிக்கப் போன நேரத்தில் வாயெல்லாம் பல்லாக மேலே வந்தார்.

“தொட்டுட்டேன் மாஸ்டர்!”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மனைவி குனிந்து கேட்டாள்.

“போன வாரம் தண்ணிக்குள்ள தும்மினீங்களா?”

“ஆமா.”

“போன தடவை தும்மினப்போ பஸ் ஜன்னல் வழியா போச்சு. பல்செட்டைக் கழட்டி வெச்சுட்டு நீந்தினா என்னவாம்?”

“மெதுவாப் பேசுடி! எல்லாமே சொந்தப் பல்லுன்னு இவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன்!”