தொங்கவிட்ட மருந்து

இரத்தத்தில் சீனி கூடும் வருத்தத்தில் அழுகிய காலோடு ஆஸ்பத்திரி ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில், தள்ளுவண்டியில் கிடக்கிறாள் ரபீக்கா. தலைக்கு மேல் மருந்து கலந்த சேலைன் பை ஜன்னல் வெயிலில் மஞ்சளாக மினுங்குகிறது. வெட்டுவதற்குச் சற்று முன்தான் திறக்கவேண்டிய மருந்து; ஒரு சொட்டும் இறங்கவில்லை. புருஷன் நௌபர் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். சங்கிலி மாட்டித் தயாராக நிற்கும் சுமையைத்தான் கிரேன்காரன் முதலில் தூக்குவான் என்பது அவன் கண்ட உலகம். அதனால்தான், "இப்பவே கலந்து தொங்கவிடுங்கோ மிஸ்" என்று தாதியைக் கெஞ்சி இணங்கவைத்தான். டொக்டரோ பஸ் விபத்தில் வந்தவர்களோடு உள்ளே போனவர், இன்னும் வெளியே வரவில்லை. "கலந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல போயிட்டு, நௌபர் நானா. மருந்து கெட்டிட்டு, இனி ஏத்தினாலும் வேலை செய்யாது" என்று தாதி பையைக் கழற்றுகிறாள். "அப்ப வேற ஒண்டு கலக்குங்கோ." "இருந்தது இது ஒண்டுதான். இனிக் கொழும்பிலயிருந்து வரவேணும். இந்த மருந்து ஏத்தாம வெட்ட ஏலாது." நௌபரின் குரல் இறங்குகிறது: "இண்டைக்கு வெட்டினா விரலோட போகும், பிந்தினா முழங்காலுக்கு மேலயெண்டு டொக்டர் சொன்னவரே மிஸ்?" தாதி பையைத் தொட்டியில் கவிழ்க்கிறாள். மருந்து சத்தமில்லாமல் போகிறது. கடல் காற்று வந்தும் புண்ணின் வாடை கலையவில்லை. "என்னவாம், கப்பல் போயிட்டா?" என்று சிரிக்கப் பார்க்கிறாள் ரபீக்கா. நௌபர் குனிந்து, அவள் முழங்காலை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொள்கிறான்.