வண்டிக்குள் கேட்ட ஆட்டம்

“யோவ் ஹாஸ்கல், என் பொண்ணு என்ன பெஞ்சைத் தேய்க்கவா வந்திருக்கா?”

வெண்டல் போட்ட சத்தத்தில் முன்வரிசைக்காரரின் பாப்கார்ன் பாதி தரையில் கொட்டியது.

உயர்நிலைப் பள்ளிப் பெண்களின் கூடைப்பந்து, மாவட்ட இறுதி ஆட்டம். நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊர் கடை கண்ணியைச் சாத்திவிட்டு உள்ளரங்கத்துக்குள் வந்து அடைந்திருந்தது. ஜெயித்தால் மாநிலப் போட்டி. தோற்றால் அடுத்த வருஷம்தான்.

தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

வெண்டல் ஒரு ஆட்டம் விடாமல் வந்து கத்தியும், அவர் மகள் கார்லாவோ இந்த வருஷம் முழுக்க ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. பயிற்சியில் அவளை அடிக்க ஆளில்லை என்று அணிப் பெண்களே சொல்கிறார்கள். போன வருஷ இறுதியில், யாரும் மறிக்காமல் நின்று எறிகிற இரண்டு ஃப்ரீ த்ரோவையும் கோட்டை விட்டாள், அணி தோற்றது. அதற்குத்தான் கோச் ஹாஸ்கல் பழி வாங்குகிறார் என்பது வெண்டலின் கட்சி. நேரில் போய்க் கேட்டதற்கு, “யாரை இறக்கறதுங்கறது என் இஷ்டம்” என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வந்தது.

வெண்டல் சும்மா விடுகிற ஆளா? திங்கட்கிழமை பள்ளி நிர்வாகக் குழு கூடுகிறது. ஹாஸ்கலின் வேலைக்கு உலை வைக்கப் பாதி ஊரைத் திரட்டி வைத்திருந்தார்.

ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி. பொறுக்க முடியாமல் ஆடுகளத்தின் ஓரத்துக்கே இறங்கிவிட்டார் வெண்டல். நடுவர் விசிலை ஊதி, வாசலைக் காட்டினார். ஊர் பார்க்க வெளியேற்றிவிட்டார்கள்.

கொட்டுகிற பனியில் தன் பிக்கப் வண்டிக்குள் ஏறி, ஆத்திரம் தாங்காமல் ரேடியோவைத் திருகினார். உள்ளூர் நிலையத்தில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

“ஆறு புள்ளி பின்னாடி இருக்கோம்... இருங்க, கோச் யாரையோ கூப்பிடறாரு. அட, கார்லா!”

வெண்டல் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலை மறைந்ததும் இறக்குகிறான், படுபாவி!

“பந்தைப் பறிச்சுட்டா... ஓடறா... போட்டுட்டா! என்ன பொண்ணுப்பா இவ, இத்தனை நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தாங்க?”

வெண்டல் ஸ்டீயரிங்கைக் குத்திய குத்தில் ஹாரன் அலறியது. அடுத்தது இன்னொன்று. அதற்கடுத்தது மூலையிலிருந்து. அரங்கத்தின் கூச்சல் சுவரைத் தாண்டி வண்டி வரைக்கும் கேட்டது.

கடைசி நொடிகள். நடுவில் எதிரணியும் ஒன்று போட்டிருந்ததால் இன்னும் ஒரு புள்ளி பின்னால். கார்லாவை யாரோ இடித்துத் தள்ள, அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

வெண்டல் ரேடியோவை நெருங்கிக் குனிந்தார்.

“முழங்கையை உள்ள வை! மூச்சை இழு! போன வருஷம் மாதிரி சொதப்பிடாதே!” ரேடியோவைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்.

முதல் பந்து விழுந்தது. சமம்.

இரண்டாவதும் விழுந்தது.

வெண்டல் குழந்தை மாதிரி அழுதார். அழுது முடித்ததும் கோபம் இரண்டு மடங்காகத் திரும்பியது. விடுவிடுவென்று உள்ளே போய், தாழ்வாரத்தில் ஹாஸ்கலை மடக்கினார்.

“வருஷம் பூரா உட்கார வெச்சே. நான் வெளியே போன மறு நிமிஷம் இறக்கறே. என் பொண்ணு ஜெயிக்கறதை நான் கண்ணால பார்த்துடக் கூடாது, அவ்வளவு வன்மம் உனக்கு. திங்கக்கிழமை உன் வேலை இருக்கான்னு பாரு.”

“சரி வெண்டல், அப்படியே வெச்சுக்க” என்றார் ஹாஸ்கல். குரலில் கோபமே இல்லை.

கூடையிலிருந்து வெட்டியெடுத்த வெற்றி வலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடிவந்த கார்லா, அப்பாவின் கடைசி வார்த்தையைக் கேட்டு அப்படியே நின்றாள்.

“வேண்டாம் கார்லா” என்றார் ஹாஸ்கல் அவசரமாக.

“இல்ல கோச், உங்க வேலை போற வரைக்கும் என்னால சும்மா இருக்க முடியாது.” அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். “உங்க குரல் கேட்டாலே எனக்குக் கை நடுங்குதுப்பா. நீங்க இருக்கற ஆட்டத்துல என்னை இறக்காதீங்கன்னு அவர்கிட்ட அழுதது நான்தான். உங்ககிட்ட சொல்லிடட்டுமான்னும் கேட்டேன். ‘சொல்லாதே, அந்த மனுஷன் நொறுங்கிப் போயிடுவான், திட்டறதை நான் வாங்கிக்கறேன்’னுட்டாரு.”