எறும்பு எழுத்து

யுத்த காலம். லாட்ஜில் தங்கியிருந்த கறுப்புக் கண்ணாடிக்காரர் ஒற்றர்தான் என்று பன்னிரண்டு வயது எஸ்தர் மூன்று வாரமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில், அவர் ஜன்னலில் காயவைத்திருந்த வெற்றுத் தாளைக் கைப்பற்றினாள். சர்க்கரைத் தண்ணீரால் எழுதியிருந்தார் போலிருக்கிறது. எறும்புகள் வந்து எழுத்து எழுத்தாக மொய்த்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக ஓர் எறும்பு நின்றது. ‘ஐந்து மணிக்குக் கிளம்பும் கப்பலை மூழ்கடிக்கவும்.’ அந்தக் கப்பலில்தான் அவள் அப்பா கரி அள்ளிப் போடுகிறார்.

ஓடினால் எழுத்து உதிர்ந்துவிடும். தாளை இரு கைகளிலும் ஏந்தி போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போனாள். இன்ஸ்பெக்டர், “சீச்சீ, எறும்பு!” என்று ஒரே ஊதாக ஊதிவிட்டார்.

“வெறுந்தாளை வச்சுக்கிட்டு என்ன பாப்பா விளையாட்டு?”

“சர்க்கரையால எழுதியிருக்கு சார்! வேணும்னா நக்கிப் பாருங்க!”

ரேஷனில் சர்க்கரை வந்து இரண்டு மாதமாகியிருந்தது. அவர் ஓரத்தில் நக்கினார். முகம் மலர்ந்தது.

“அட, ஆமா!” என்றவர் அடுத்த வரிக்குப் போனார்.

“ஐயோ, போதும் சார்! போதும்!”

அவர் கடைசி வரியில் இருக்கும்போது துறைமுகத்தில் ஐந்து மணிக் கப்பலின் சங்கு ஊதியது.