ஓட்டை போட்டது யார்?

"யார் பார்த்த வேலை இது?"

வகுப்பறை ஜன்னல் முழுக்கப் பள்ளிக்காரர்கள் காலையிலேயே கறுப்புத் தாள் ஒட்டிவைத்திருந்தார்கள். விளக்கை அணைத்த பிறகுதான் அருங்காட்சியக அம்மாவின் கண்ணில் அது பட்டது. முற்றத்து ஜன்னல் தாளில் பேனா நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

அருங்காட்சியகத்தையே வேனில் ஏற்றிக்கொண்டு அரசுப் பள்ளிகளுக்குப் போவது அவள் வேலை. இந்தப் பள்ளிக்கு முறை வர இரண்டு வருஷம் ஆயிற்று. இன்று நட்சத்திரக் காட்சி. துளி வெளிச்சம் புகுந்தாலும் நட்சத்திரம் வெளிறிவிடும். ஒட்டலாம் என்றால் டேப் தீர்ந்திருந்தது. வாங்கிவர டிரைவர் ஓடினார்.

"வேற யாரு மேடம்? நம்ம குடைச்சல்தான்" என்றார் வகுப்பாசிரியர்.

கேள்வி கேட்டே அவர் மண்டையைக் குடையும் சிறுமிக்கு அவர் வைத்த பேர் அது. மணியடிக்கும் முன்பே வந்து முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தாள்.

"நான் இல்ல மிஸ்."

"அப்ப யாருன்னு பார்த்தியா?" என்றாள் அம்மா.

சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாயைத் திறக்குறாளா பாருங்க, அழுத்தக்காரி!" என்றார் ஆசிரியர்.

"சரி, காட்சி முடியற வரைக்கும் முற்றத்துல போய் நில்லு" என்றாள் அம்மா.

போனாள். கதவைச் சாத்தினார்கள். டேப் இன்னும் வரவில்லை. அம்மா இருட்டில் புலம்பிக்கொண்டிருந்தாள். கண் மெல்ல இருட்டுக்குப் பழகியது.

"மிஸ், திரையில மரம்!"

புரொஜெக்டரை யாரும் போடவே இல்லை. ஆனால் வெள்ளைத் திரையில் முற்றத்து மரம் தலைகீழாகத் தொங்கிற்று. பச்சை இலைகள் அசைந்தன. வானம் கீழே கிடந்தது. உச்சியில் ஒரு பஸ், சக்கரம் மேலே இருக்க, தன் பாட்டுக்குப் போனது.

அந்த வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழி மட்டும் ஏழு. ஏழிலும் ஒரே கூச்சல்.

அம்மாவுக்கு மேனி சிலிர்த்தது. சின்ன ஓட்டை வழியே வெளிச்சம் தலைகீழாக விழும் என்று பதினைந்து வருஷமாகப் படம் போட்டுச் சொல்லித்தந்தவள். அந்தப் படத்துக்குள்ளேயே நிற்பது இதுதான் முதல் தடவை.

"அங்க பாருங்க, நம்ம குடைச்சல்!"

திரையில், மரத்தடியில், கையைக் கட்டிக்கொண்டு தலைகீழாக நின்றாள் சிறுமி. அத்தனை பேரும் பார்க்கும் அதிசயத்தை அவள் ஒருத்திதான் பார்க்கவில்லை.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. தானே ஓடிப்போய் அழைத்துவந்தாள். கதவு மறுபடி மூடியதும் சிறுமி திரையைப் பார்த்து, "ரோடே உள்ள வந்துருச்சு மிஸ்!" என்றாள், இமைக்காமல்.

டேப்போடு வந்த டிரைவர், "ஒட்டிரவா?" என்றார்.

"தொட்டீங்கன்னா பாருங்க!" என்று சீறிய அம்மா, பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "இப்பச் சொல்லுங்க, ஓட்டை போட்டது யாரு? திட்ட மாட்டேன். பரிசு தர்றேன்."

பதினொரு கைகள் உயர்ந்தன.

சிறுமியின் கை உயரவில்லை. எழுந்து, சுவரோரம் நின்ற ஆசிரியரிடம் போய் அவர் சட்டையை இழுத்தாள். அவள் கிசுகிசுத்தது அம்மாவின் காதிலும் விழுந்தது.

"வேன் வந்துருச்சான்னு பார்க்க நீங்க பேனாவால குத்துனதுதானே சார்? இப்பச் சொல்லிருங்க, திட்ட மாட்டாங்களாம்."