ஜாரின் பூர்வீகம்

இங்கிலீஷ் வாத்தியார் போர்வையைப் போர்த்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். டூட்டி முடிந்து வந்த அவருடைய நர்ஸ் மனைவி, சர்க்கரை பார்க்கும் மிஷினோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“இன்னிக்கு வலது கையை நீட்டுங்க. இடது கை விரலெல்லாம் குத்திக் குத்திப் புண்ணாயிருக்கு.”

“அது இருக்கட்டும். ஜாருங்கிற வார்த்தை இங்கிலீஷே இல்லை, தெரியுமா?”

“அப்புறம்?”

“அரபு. ஜர்ரான்னா மண் ஜாடி. அது பிரெஞ்சுல நுழைஞ்சு, அங்கேருந்து இங்கிலீஷ்ல வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துக்கிச்சு.”

“சரி, கையை நீட்டுங்க.”

“அவசரப்படாதே. முதல்ல மண்ணு, அப்புறம்தான் கண்ணாடி...”

கேட்டால்கூட வீட்டில் பாடம் நடத்தாத மனுஷர் இப்படி அளக்கிறாரே என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியது. போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

வாத்தியாரின் வலது கை, மணிக்கட்டு வரைக்கும் சாக்லேட் ஜாருக்குள் இருந்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பதற்றம் அதிகமாக வந்தது.

“மாட்டிக்கிச்சா? எவ்வளவு நேரமா இப்படி இருக்கீங்க? இருங்க, எண்ணெய் கொண்டு வர்றேன்.”

எண்ணெய் ஊற்றினாள், திருகினாள், மூச்சு வாங்க இழுத்தாள். கை அசைந்து கொடுக்கவில்லை. கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

“ஏங்க, உள்ளே பிடிச்சிருக்கிற சாக்லேட்டை விட்டா கை தானா வந்துடுமே.”

“அது எனக்கும் தெரியும்மா” என்றார் வாத்தியார் பரிதாபமாக. “மனசுதான் வரலை.”