புருஷன் அளவுச் சட்டை

மலேசியாவின் அலோர் காஜாவில், ஷாந்தினியின் தையல் கடைக் கண்ணாடி முன் மலர்விழி கைலியோடு நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டப நாடகத்தில் அவள் அந்தக் காலத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பெண். அவளுக்கு அளவெடுத்து ஷாந்தினி முதலில் தைத்த முழுக்கைச் சட்டை ஆணியில் தொங்குகிறது. அது கச்சிதமாகப் பொருந்தியது. அதைப் போட்டதும் மாறுவேடப் போட்டிப் பிள்ளைபோல் விறைத்து நின்றாள். அப்புறம்தான் ஷாந்தினிக்கு உறைத்தது. தோட்டத்தில் எந்தப் பெண் வேலைக்கென்று சட்டை தைத்தாள்? கொசுவுக்கும் பால்கறைக்கும் புருஷனின் பழைய சட்டையைத்தானே மாட்டிக்கொண்டு போனார்கள்? இப்போது மலர்விழி போட்டிருப்பது அவள் கணவன் நிவேந்திரன் அளவில் தைத்தது. பழசாகட்டும் என்று இரண்டு வாரம் அவனே அதைப் போட்டுக் கார் கழுவியிருக்கிறான். தோள் தையல் கையில் வழிகிறது. பட்டனைத் தேடி அவள் விரல்கள் தவறான பக்கம் போய்த் திரும்புகின்றன. “மூனு வாட்டி தொவச்சும் அவரு வேர்வ வாசம் போகல லா, அக்கா” என்றபடி, கண்ணாடியைப் பார்க்காமலே கையை இரண்டு மடிப்பு ஏற்றிவிடுகிறாள். கூரைத் தகரத்தில் தூறல் படபடக்கிறது. “ஐயோ, கொடியில துணி கெடக்கு! நான் போறேன், அக்கா.” ஷாந்தினி திரும்பிப் பார்க்கிறாள். மலர்விழியின் ஆபீஸ் உடுப்பு நாற்காலியில் மடித்தபடி கிடக்கிறது. அவள் சாலையைக் கடக்கிறாள், மழைக்குச் சட்டைக் காலரைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு.